இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்வது யார்?

மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் உறக்கமின்மை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, மெலடோனின் ஒரு தூக்க மாத்திரை அன்று என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அந்த ஒரு வரி திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்களை வரவழைத்துவிட்டது. தூக்க மாத்திரை அன்று என்றால் பின்னே அது என்னதான் என்று உரிமையோடு கடிந்துகொண்டவர்களும் உண்டு. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன் ஒரு பெரிய டப்பா நிறைய மெலடோனின் ஜெல்லி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனான். ஒவ்வொன்றிலும் 10 மி.கி. என்று அச்சிட்டிருக்கிறது. இரவு 10 மணிக்கு ஒன்றைச் சுவைத்துவிட்டுப் படுக்கிறேன். உறக்கம் முன்போலவே 12 மணிக்குத்தான் வருகிறது. காலையில் தலை கனக்கிறது. வயது 68. இரத்த அழுத்தத்துக்கு அட்டனலால் சாப்பிடுகிறேன். தெருவில் நான்கு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: கொடுக்க வேண்டாம், ஐயா, நீங்களும் அந்த அளவில் தொடர வேண்டாம். காரணத்தைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனெனில் மற்றவர்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் பாதிக்கு விடை இதற்குள் அடங்கிவிடும்.

மூளையின் நடுவே நெல்மணி அளவில் இருக்கும் பினியல் என்னும் சுரப்பி, வெளிச்சம் மங்கியபின் மெலடோனின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடத் தொடங்குகிறது. நாம் வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முன்பாகவே ஏறத் தொடங்கும் அது, பின்னிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே உச்சத்தைத் தொட்டு, விடியலுக்குப்பின் வடிந்துவிடுகிறது. பகலில் அளந்து பார்த்தால் இல்லை என்றே சொல்லிவிடலாம். பழைய காலத்து அரண்மனைகளில் நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுதைக் கணக்கிடுபவர் ஒருவர், அதைக் கேட்டு ஊருக்குப் பறை அறைந்து சொல்பவர் வேறொருவர். உடலிலும் அப்படித்தான். கணக்கிடுவது, பார்வை நரம்புகள் குறுக்கிட்டுச் செல்லும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும், ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கணு, பறை அறைவது பினியல், பறையோசைதான் மெலடோனின். பறையோசை கேட்ட மாத்திரத்தில் ஊர் உறங்கிப் போவதில்லை. கடையடைக்கவும் விளக்கணைக்கவும் ஆயத்தமாகிறது, அவ்வளவே. இரவில் திரியும் எலிக்கும் இதே மெலடோனின் இரவில்தான் ஏறுகிறது, அது அப்போதுதான் சுறுசுறுப்பாக ஓடித் திரிகிறது. இதைத் தூக்க மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு அந்த எலியே போதுமான சாட்சி.

இனி அளவுக்கு வருவோம். இரவில் இயல்பாக ஏறும் அளவை இரத்தத்தில் எட்டுவதற்கு வாய்வழியாக 0.3 மி.கி. கொடுத்தாலே ஏறக்குறையப் போதும். நீங்கள் உண்பது அதைப்போல் 30 மடங்குக்கு மேல். இரத்தத்திலுள்ள மெலடோனின் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை என்றாலும், இவ்வளவு பெரிய அளவில் தொடங்கினால் காலையிலும் மிச்சம் தங்கிவிடுகிறது; கல்லீரல்தான் இதைச் சிதைத்து வெளியேற்றுவது என்பதால், வயதானவர்களுக்கு அது இன்னும் மெதுவாக நடக்கிறது. உங்கள் தலைக்கனம் இதனால் வந்ததாகவே இருக்கலாம். இத்தனைக்கும் ஆதாயம் என்ன? பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2013ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, இதை உண்டவர்களுக்கு உறக்கம் சராசரியாக 7 நிமிடம் முந்தி வந்தது என்றது. அந்த 7 நிமிடத்துக்காக அமெரிக்காவிலிருந்து டப்பா சுமந்து வந்திருக்க வேண்டியதில்லை. மேலும், அந்நாட்டில் இது மருந்தாக அன்றி உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுவதால், டப்பாவில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப முடியாது. 2023இல் அங்கே 25 வகை ஜெல்லிகளைச் சோதித்தபோது 22 வகைகளில் அச்சிட்ட அளவும் உண்மையான அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட அட்டனலாலைக் கவனிக்காமல் விட முடியாது. மூளைக் கணுவிலிருந்து பினியலுக்குச் செய்தி நேர்வழியில் போவதில்லை. முதுகுத் தண்டில் மார்பு உயரம் வரை இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சு வழியாக மீண்டும் மூளைக்கு ஏறுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்குப் போக ஒருவர் நாங்குநேரியைச் சுற்றிக்கொண்டு வருவதுபோன்ற வழி அது. அந்தப் பயணத்தின் கடைசிக் கதவு எதுவோ, அதைத்தான் அட்டனலால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் சாத்துகின்றன. ஆகவே இவற்றைச் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு இரவு மெலடோனின் குறைந்துவிடுகிறது. அத்தகைய 16 பேரில் சிலருக்கு 3 வாரம் 2.5 மி.கி. மெலடோனினும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வில், மெலடோனின் உண்டவர்களது உறக்கம் சராசரியாக 36 நிமிடம் கூடியதாக 2012இல் வெளியிட்டார்கள். எனவே உங்கள் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எனக்கு அட்டனலால்தான் வேண்டுமா, வேறு மருந்து போதாதா, அதுதான் வேண்டும் என்றால், மெதுவாகக் கரையும் 2 மி.கி. மாத்திரையைச் சில வாரம் பார்க்கலாமா. 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் உறக்கமின்மைக்கு அவ்வகை மாத்திரையை ஐரோப்பிய நாடுகளில் 2007 முதல் அனுமதித்திருக்கிறார்கள். அட்டனலாலை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

தெருவில் கேட்கும் நால்வரையும் பற்றி ஒரு சொல். 60ஐக் கடந்தவருக்கு உறக்கம் கலைவது சிறுநீருக்கு எழுந்திருப்பதாலா, மூட்டு வலியாலா, குறட்டையில் மூச்சு அடைபடுவதாலா, மதியம் இரண்டு மணி நேரம் உறங்குவதாலா, மனவருத்தத்தாலா என்று பார்க்காமல் மிட்டாய் கொடுப்பது, ஒழுகும் ஓட்டைப் பார்க்காமல் தரையை மட்டும் துடைப்பதுதான். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமை மருந்துகளும், மனநோய்க்கான ஃப்ளுவாக்சமைனும், வலிப்பு மருந்துகளும் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. ஃப்ளுவாக்சமைன் கல்லீரலின் வேலையைத் தடுத்து மெலடோனினைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

கேள்வி: மெலனின் என்பது தோலின் நிறமி என்று படித்திருக்கிறேன். மெலடோனின் என்ற பெயரும் அப்படியே ஒலிக்கிறது. என் அம்மாவுக்கு வெண்புள்ளி இருக்கிறது. மெலடோனின் அதற்கு உதவுமா, அல்லது இன்னும் வெளுக்க வைக்குமா?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டும் செய்யாது. ஆனால் உங்கள் காது தப்பாகக் கேட்கவில்லை; இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டதே வெண்புள்ளி நோயை மனத்தில் வைத்துத்தான்.

1917இல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மாட்டின் பினியல் சுரப்பியை அரைத்துத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் கரிய தோல் அரை மணி நேரத்துக்குள் வெளுத்து, உள்ளுறுப்புகள் தெரியும் அளவுக்குக் கண்ணாடிபோல் ஆகிவிட்டதைக் கண்டார்கள். அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்க முடிந்தால் மனிதரின் தோல் நிற நோய்களுக்கு மருந்து கிடைக்கும் என்று நினைத்தவர் ஏல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர். இறைச்சிக் கூடங்களிலிருந்து வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான மாட்டுப் பினியல்களிலிருந்து, மிகச் சிறிதளவே கிடைத்த அந்தப் பொருளை 1958இல் அவருடைய குழு பிரித்துக் காட்டியது. கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், எந்தப் பொருளிலிருந்து உடல் இதைச் செய்கிறதோ அந்த செரட்டோனினின் பெயரையும் இணைத்து மெலடோனின் என்று பெயரிட்டார். தேடிப் போனது தோலுக்கு மருந்து; கிடைத்தது இரவின் அடையாளம். தவளையின் தோலில் நிறமித் துகள்கள் சுருங்கிக் குவிவதும் விரிவதுமாக நிறம் மாறும். மனிதத் தோலில் அந்த ஏற்பாடே இல்லை. வெண்புள்ளியில் நிறமியைச் செய்யும் அணுக்களையே நம் உடலின் எதிர்ப்பாற்றல் அழித்துவிடுவதால், அதற்கான மருத்துவம் வேறு. அம்மாவைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது தொற்றுநோய் அன்று என்பதை வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கல்லூரி மாணவி என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஐரோப்பா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் ஆடுகள் ஆண்டு முழுவதும் இணைவதில்லை. இரவு நீள நீள மெலடோனின் நீடிக்கும் நேரமும் நீள்கிறது, அதைக் கொண்டே ஆட்டின் உடல் இது இன்ன பருவம் என்று அறிந்து இணைசேர ஆயத்தமாகிறது. லண்டனில் ஆண்டின் நீண்ட பகல் 16 மணி நேரத்துக்கு மேல், குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. நம் திருநெல்வேலியிலோ நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வேறுபாடு. நம் ஊர் ஆடு எல்லாப் பருவத்திலும் குட்டி போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இரவின் நீளத்தை எண்ணி நாள் பார்க்கும் ஆடு வியப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: இரவு 8 மணிக்குச் சமையல் முடிந்தபின் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய எண்ணிக்கை முடிய 12 மணி ஆகிவிடுகிறது. தலைக்கு மேலே வெள்ளை டியூப் லைட். படுத்த பிறகும் விரல்கள் இலையைச் சுருட்டுவதுபோலவே அசைந்துகொண்டிருக்கின்றன, உறக்கம் வருவதில்லை. பிளஸ் டூ படிக்கும் மகள், செல்போன் வெளிச்சம்தான் கெடுதல், டியூப் லைட் ஒன்றும் செய்யாது என்கிறாள். எது சரி?
– பீடி சுற்றும் பெண், முக்கூடல்

பதில்: அம்மா, மகள் படித்தது பாதி சரி. செல்போன் வெளிச்சமும் கெடுதல்தான். ஆனால் தலைக்கு மேலே 4 மணி நேரம் எரியும் வெள்ளைக் குழல்விளக்கு அதைவிடக் குறைந்த குற்றவாளி அன்று.

கண்ணில் பார்ப்பதற்கென்று இருக்கும் இருவகை அணுக்களோடு, பார்ப்பதற்கல்லாமல் வெளியே பகலா இரவா என்று மட்டும் மூளைக்குச் சொல்வதற்கென்று மூன்றாவது வகை அணுக்களும் உள்ளன என்பது 2002இல்தான் உறுதியாயிற்று. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்னும் பொருள் நீல வெளிச்சத்தைத்தான் மிகுதியாகப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பொருளை முதன்முதலில் கண்டதும் ஒரு தவளையின் தோலில்தான். இந்தக் கதையில் தவளைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீலம் மிகுதி. அந்த வெளிச்சம் கண்ணில் விழும்வரை மூளைக் கணு, இன்னும் பொழுது சாயவில்லை என்றே எண்ணிப் பறையை நிறுத்தி வைக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். முழுநிலவின் வெளிச்சம் 1 லக்ஸ்கூட இராது; நடுப்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். மனிதரின் மெலடோனினை நிறுத்தப் பகல்போன்ற வெளிச்சம், அதாவது 2,500 லக்ஸ், வேண்டும் என்று 1980இல் எண்ணினார்கள். பிறகு பார்த்தால், வீட்டு விளக்கின் 100 லக்ஸ் அளவே உடலின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளப் போதுமானதாக இருந்தது. பிள்ளைகளின் கண் இன்னும் கூர்மையானது, ஆகவே அந்த விளக்கின் கீழேயே பக்கத்தில் அமர்ந்து படிக்கும் உங்கள் மகளுக்கும் இது பொருந்தும்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று எழுதுவது எளிது. தட்டைக் கீழே வைத்தால் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். இலை வெட்டுவதற்குத்தான் நல்ல வெளிச்சம் வேண்டும். அதைப் பகலிலேயே திண்ணையில் அமர்ந்து முடித்து, வெட்டிய இலைகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் கண்ணில் நிறைய விழுந்தால் இரவு விளக்கின் கெடுதலும் சற்றுக் குறையும் என்பதால் அந்தத் திண்ணை இரட்டை ஆதாயம். இலை சுருட்டவும் நூல் கட்டவும் உங்கள் விரலுக்குக் கண்ணே தேவையில்லை என்று நினைக்கிறேன். 9 மணிக்குமேல் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் நிறத்தில் எரியும் குறைந்த வாட் பல்பு ஒன்றை, வெளிச்சம் தட்டில் விழுந்து கண்ணில் விழாதபடி தாழ்வாக மாட்டிக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கலான பல்பு வெளிச்சத்தில் அல்வா விற்றே பேர்பெற்ற இருட்டுக்கடை இருக்கும் சீமையில், மங்கல் வெளிச்சத்தில் வியாபாரம் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. வேலை முடித்து எழுந்தவுடன் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். புகையிலைத் தூளிலுள்ள நிக்கோடின் தோல் வழியாகவும் உடலில் சேரக்கூடியது, அதுவும் விழிப்பைத் தூண்டும் பொருள்தான். இதற்குமேல் மாத்திரை எதுவும் இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: இரவு ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டால் மெலடோனின் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– வாழை விவசாயி, களக்காடு

பதில்: பாலில் இருப்பது மிக மிகச் சொற்பம், மாத்திரையோடு ஒப்பிட்டால் குளத்தில் கரைத்த ஒரு சிட்டிகை உப்பு. வாழைப்பழத்திலும் அப்படியே. பசியோடு படுப்பதைவிட இரண்டையும் சாப்பிட்டுப் படுப்பது நல்லது, அதுவும் பழம் உங்கள் தோட்டத்துப் பழமாக இருந்தால். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் மோட்டார் போட எழுந்து போகிறேன் என்று கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது அதுதான், பால் அதற்கு மருந்தாகாது. கையில் கொண்டுபோகும் டார்ச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். வரப்பில் பாம்பு கிடக்கும் இடத்தில் மெலடோனினைக் காக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் 12 ஆண்டுகளாக மாதம் பத்து இரவுகளாவது இரவுப்பணி பார்க்கும் செவிலியர். இரவுப்பணி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாகவும், மெலடோனின் குறைவதுதான் காரணம் என்றும் உடன் பணிபுரிபவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அண்மையில் எனக்குச் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. மாத்திரை சாப்பிட்டால் இரண்டும் சரியாகுமா?
– செவிலியர், வண்ணார்பேட்டை

பதில்: அச்சத்தை முதலில் அளந்து பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதே பட்டியலில் வைத்தது. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அன்று. விலங்குகளிடம் கிடைத்த சான்று போதுமானது, மனிதரிடம் கிடைத்தது குறைவானது என்பதே அவர்கள் தீர்ப்பு. மெலடோனின் தடைபடுவது காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். உறக்கக் குறைவு, நேரந்தவறிய உணவு, உடற்பருமன் என்று பலவும் கூட நிற்கின்றன. மாத்திரை உண்டால் இரவுப்பணியாளருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த ஆய்வும் மெய்ப்பிக்கவில்லை. மெலடோனின் புற்றுநோயைக் குணப்படுத்தும், முதுமையைத் தடுக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்பவர்கள் ஆய்வுக்கூடக் குடுவையில் கண்டதை மனிதர் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள்.

சர்க்கரையின் கதை வேறு. அங்கே எனக்கு உறுதியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களிலும் மெலடோனின் வந்து தொடும் ஏற்பிகள் உள்ளன. பறையோசை கேட்டதும் அவையும் கடையடைக்கத் தொடங்குகின்றன. இரவில் நாம் உண்ணப் போவதில்லை என்பது உடலின் கணிப்பு. அந்த ஏற்பிக்குரிய மரபணுவின் ஒரு வகையைக் கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று 2009இல் கண்டறிந்தார்கள். ஆகவே பின்னிரவு 2 மணிக்கு, வெளியே வாங்கி வந்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கும்வரை சால்னா ஊற்றி உண்ணும்போது, கடையடைத்த வீதியில் லாரிச் சரக்கு வந்து இறங்கிய நிலை கணையத்துக்கு. நானும் ஒரு காலத்தில் இரவுப்பணியில் அந்தப் பொட்டலங்களைப் பிரித்தவன்தான், ஆகவே குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கையில் இதை விட்டுவிட முடியாது. பணிக்குக் கிளம்பும் முன் முழு உணவை முடித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பசித்தால் சுண்டலோ மோரோ போதும்.

பணி முடிந்து வீடு திரும்பும்போது கருப்புக் கண்ணாடி அணிந்து, சன்னலைத் தடித்த துணியால் மறைத்த அறையில் படுங்கள். கண் அசரும் அளவுக்கு அலுப்பு இருந்தால் ஸ்கூட்டரை எடுக்காமல் பேருந்திலோ ஆட்டோவிலோ வாருங்கள். பகலுறக்கத்துக்கு மெலடோனின் கொடுத்த ஆய்வுகளில் உறக்கம் கூடியது, அதுவும் அரை மணி நேரத்துக்குள்ளாகத்தான். வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு வீட்டுக்கு வந்தபின் சிறிய அளவு சாப்பிடலாம்; ஒருபோதும் மருத்துவமனையிலேயே போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம். இரவு 1 மணி வரை உறங்க மாட்டான். மருத்துவர் 1 மி.கி. மெலடோனின் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹார்மோன் மாத்திரை என்பதால் மாமியார் பயப்படுகிறார்கள். கொடுக்கலாமா?
– இல்லத்தரசி, வள்ளியூர்

பதில்: கொடுங்கள். மெலடோனின் உண்மையாகவே பயன்படும் இடங்களில் இது ஒன்று. ஆட்டிசமுள்ள பல குழந்தைகளுக்கு இரவில் மெலடோனின் ஏறுவது தாமதமாகவும் குறைவாகவும் இருக்கிறது. அவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், பெரியவர்களிடம் காணாத அளவுக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. படுக்கைக்கு 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் முன்பு, தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். கொடுத்த பிறகு தொலைக்காட்சி வேண்டாம்; கூடத்து விளக்கை அணைத்து, தாழ்வாரத்து விளக்கில் அவனுக்குப் பழகிய பாயை விரித்து, பழகிய கதையையே சொல்லுங்கள். மாமியாரின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பருவமடைதலை இது பாதிக்குமோ என்ற ஐயம் மருத்துவர்களுக்கும் இருந்தது. சில ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த குழந்தைகளிடம் அப்படியொன்றும் காணவில்லை என்றாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்துத் தேவை இருந்தால் மட்டும் தொடர்வதுதான் முறை. மிட்டாய் வடிவில் வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2012க்கும் 2021க்கும் இடையே, குழந்தைகள் தவறுதலாக எடுத்துத் தின்று நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் ஆறு மடங்குக்கு மேலாகப் பெருகின. பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்காமல் விழித்திருக்கிறான் என்று யாராவது இதில் ஒன்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக முதன்முறையாக அமெரிக்கா போகிறேன். அங்கே போனால் பகல் இரவாகிவிடுமாமே. மெலடோனின் கொண்டுபோகலாமா?
– கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: கொண்டுபோகலாம். ஐந்துக்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு இது பலன் தருகிறது என்பது 2002இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின் முடிவு, 0.5 மி.கி.யிலிருந்து 5 மி.கி. வரை எல்லா அளவுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உதவின, எனவே சிறியதே போதும். விமானத்தில் சாப்பிட வேண்டாம். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஊர்க் கடிகாரப்படி இரவு படுக்கும்போது ஒன்று, நான்கைந்து நாள் மட்டும். பகலில் மகள் வீட்டு வாசலில் வெயில் படும்படி நடந்துகொண்டிருங்கள். பிள்ளை பிறந்தபின் உங்கள் நேரக் கணக்கு எப்படியும் குலையும். பிறந்த குழந்தைக்கு முதல் 3 மாதம் வரை சொந்த மெலடோனின் ஒழுங்கே கிடையாது. இரவு ஏது பகல் ஏது என்று அதற்குச் சொல்வது, இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் கலந்து வரும் மெலடோனின்தான் என்று கருதுகிறார்கள்.

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலேயே இரு கண்ணிலும் பார்வை இல்லை, வெளிச்சம்கூடத் தெரியாது. சில வாரங்கள் எல்லாரையும்போல் உறங்குகிறான்; பிறகு நாளுக்கு நாள் தள்ளிப்போய், இரவு முழுக்க விழித்திருந்து பகலில் சரிந்து விழுகிறான்; மறுபடி சில வாரத்தில் தானாகச் சரியாகிறது. வேலைக்குப் போன இடத்தில் சோம்பேறி என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவனை ஏசாதவர் இல்லை. இது நோயா, பழக்கமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இது நோய், அவன் சோம்பேறி அன்று. வந்த கடிதங்களில் மெலடோனினை நான் முழுமனத்தோடு மருந்து என்று சொல்லக்கூடியது உங்கள் தம்பிக்குத்தான்.

மூளைக் கணுவின் சொந்தச் சுற்று சரியாக 24 மணி நேரம் அன்று. சராசரியாக 24 மணி நேரத்துக்கு மேலும் 10 நிமிடம், சிலருக்கு அதைவிடக் கூடுதல். நமக்கெல்லாம் நாள்தோறும் காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தைப் பிடித்துத் திருத்திவிடுகிறது. வெளிச்சம் மூளைக்கே எட்டாதவருக்குத் திருத்துவார் இல்லை. நாளுக்கு அரை மணி நேரம் பிந்தும் கடிகாரம், சுமார் 24 நாளில் நள்ளிரவை நண்பகலாக்கிவிடும். இன்னொரு 24 நாளில் ஊரோடு ஒட்டிவரும். நீங்கள் எழுதியிருப்பது வரிக்கு வரி அதுதான். பார்வையற்ற எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை; பார்வை போயும், பகலிரவு உணரும் அந்த மூன்றாவது வகை அணுக்கள் பிழைத்திருப்பவர்களுக்கு வெளிச்சம் இன்னும் வேலை செய்கிறது. அவர்களுக்குக் கண் இருக்கிறது, பார்வைதான் இல்லை. ஆகவேதான் பயனற்றது என்று எண்ணிக் கண்ணை எடுத்துவிடச் சொன்னால் மருத்துவர் இரண்டுமுறை யோசிக்க வேண்டும்.

வெளிச்சம் செய்யாத திருத்தத்தை மெலடோனின் செய்கிறது. முற்றிலும் பார்வையற்றவர்களின் கடிகாரத்தை இரவுதோறும் கொடுத்த மெலடோனின் 24 மணி நேரத்துக்குக் கட்டி நிறுத்தியதை 2000ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. அப்போது 10 மி.கி. கொடுத்தார்கள், பின்னர் 0.5 மி.கி.யே போதும் என்று தெரிந்தது. இங்கே அளவைவிட நேரம்தான் முதன்மை. இன்று 8 மணி, நாளை 10 மணி என்று கொடுத்தால் கடிகாரத்தைத் திருத்துவதற்குப் பதில் கலைத்துவிடும். இதே வேலைக்கென்று டாசிமெல்டியான் என்ற மருந்தை அமெரிக்காவில் 2014இல் அனுமதித்தார்கள். விலை மிக அதிகம், நீங்கள் அதைத் தேட வேண்டியதில்லை.

தம்பியை ஒரு நரம்பியல் மருத்துவரிடமோ உறக்க மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். போவதற்கு முன் இன்றிலிருந்து 6 வாரத்துக்கு, அவன் உறங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நாள்காட்டியில் கோடு கோடாகக் குறித்து வாருங்கள். அந்தக் கோடுகள் படிக்கட்டுபோல் நாளுக்கு நாள் நகர்ந்து இறங்குவதைக் கண்டால் எந்த மருத்துவருக்கும் வேறு விளக்கம் தேவைப்படாது. மருந்து தொடங்கிய பின்னும் அந்தக் கோடுகளை விடாமல் குறியுங்கள், ஏனெனில் கடிகாரம் ஊரோடு ஒட்டிவர வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். நாள்காட்டியின் ஒரு படி வீட்டில் ஏசுபவர்கள் பார்க்கும் சுவரிலும் தொங்கட்டும்.